‘நீதி என்ன?’ என்று கேட்காதீர்கள்

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். கதைகளைத் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறான். யார், எங்கே, என்ன நடந்தது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுகிறான். ‘அவள் ஏன் அப்படிச் செய்தாள்?’, ‘கதாசிரியர் என்ன சொல்ல வருகிறார்?’ என்றால் மட்டும் விழிக்கிறான். நோட்ஸைப் பார்த்து மனப்பாடம் செய்து எழுதுகிறான். வீட்டிலேயே இதைச் சரிசெய்ய முடியுமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முடியும். எழுதியிருப்பதை எடுத்துச் சொல்ல உங்கள் மகனுக்குத் தெரிகிறது. எழுதாமல் விட்டதை ஊகிக்கத்தான் பழக்கம் இல்லை. நல்ல சிறுகதையில் அப்படி விடப்பட்டதே பெரும்பகுதி.

கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையை அவனோடு சேர்ந்து வாசியுங்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் பணக்கார வீட்டு ராமசாமிக்கும் ‘யாரிடம் இருப்பது உசத்தி’ என்று போட்டி. பாடப்புத்தகப் படங்களில் தொடங்கிச் சட்டைக்குப் போகிறது. தீபாவளி நேரத்தில், உடம்பெல்லாம் சிரங்கோடு ஓர் அநாதைப் பையன் ஏழை வீட்டு வாசலுக்கு வருகிறான். பெயர் ராஜா. அந்த வீட்டுத் தாய் தாயம்மாள் அவனைத் தன் பிள்ளைகளோடு சேர்த்துக் குளிப்பாட்டி, உடுத்தக் கொடுக்கிறாள். ஜமீன் ராஜா தங்கள் வீட்டுக்கு வந்திருப்பதாக ராமசாமி பீற்றிக்கொள்ளும்போது, தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாகத் தாயம்மாளின் மகள் மங்கம்மாள் சொல்கிறாள். கதை முடிந்துவிடுகிறது.

‘இந்தக் கதையின் நீதி என்ன?’ என்று கேட்டால், ‘ஏழைகளுக்கு உதவ வேண்டும்’ என்பான். அதைச் சொல்லக் கதையை வாசித்திருக்கவே தேவையில்லை. அதனால் வேறு மாதிரி கேளுங்கள். தாயம்மாள் இரக்கமுள்ளவள் என்று அழகிரிசாமி சொல்கிறாரா, காட்டுகிறாரா? எந்த இடத்தில்? தீபாவளிக்கு அவளால் என்ன வாங்க முடிந்தது, அதில் எதை விட்டுக்கொடுத்தாள்? ஆரம்பத்தில் வரும் படப் போட்டியை எடுத்துவிட்டால் மங்கம்மாளின் கடைசிப் பேச்சுக்கு இதே பலம் இருக்குமா? அவள் போட்டிக்காகச் சொன்னாளா, உண்மையாகவே பெருமைப்பட்டாளா?

கடைசிக் கேள்விக்கு இரண்டு விடையும் பொருந்தும். அவன் எதைச் சொன்னாலும், ‘எதை வைத்துச் சொல்கிறாய்?’ என்று கேளுங்கள். கதைக்குள் விரலை வைத்து ஓரிடத்தைக் காட்டினால் அது விளக்கம். காட்ட முடியாவிட்டால் வெறும் அபிப்பிராயம். நீங்கள் நினைத்த விடை வரவில்லை என்பதற்காகத் திருத்திவிடாதீர்கள். திருத்தினால் மறுபடியும் நோட்ஸைத் தேடுவான்.

ஒரே வாசிப்பில் இதெல்லாம் பிடிபடாது. முதல் முறை கதைக்காக வாசிக்கட்டும், நடுவில் கேள்வி வேண்டாம். முடிவு தெரிந்தபின் மறுபடி வாசித்தால், முதலில் கண்ணில் படாமல் போன சின்ன விஷயங்கள் தாமாகத் தெரியும். அப்போது கேளுங்கள்.

அடுத்ததாக கி. ராஜநாராயணனின் ‘கதவு’ கதையைக் கொடுங்கள். வரி பாக்கிக்காகக் கதவைக் கழற்றிக்கொண்டு போனதற்கும் கைக்குழந்தை இறந்ததற்கும் என்ன தொடர்பு என்று, இந்த முறை கேள்வியையும் அவனே எழுப்புகிறானா பாருங்கள். எழுப்பினால், தேர்வில் பார்த்திராத கதை வந்தாலும் அவனுக்கு நோட்ஸ் தேவைப்படாது.