ருஃபைதாவின் கூடாரமும் நம் வார்டு சிஸ்டரும்



ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு அகழ்ப் போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு தைத்தது. அவர்களை எங்கே கொண்டு சென்றார்கள் தெரியுமா? காயம்பட்டவர்களுக்கு மருந்திட்டுப் பராமரித்து வந்த அஸ்லம் குலத்துப் பெண்மணி ருஃபைதா (ரலி) அவர்களிடம். மஸ்ஜிதுந் நபவியிலேயே அவர்களுக்கு ஒரு கூடாரம் இருந்தது. கவனிக்க ஆளில்லாத காயக்காரர்களைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர் என்று இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். நபி (ஸல்) அவர்கள் அந்த வழியே செல்லும்போது மாலையிலும் காலையிலும் ஸஅதிடம் நலம் விசாரிப்பார்கள் என்பது இமாம் புகாரியின் அல்அதபுல் முஃப்ரதில் உள்ள செய்தி.

பள்ளிவாசலுக்குள் ஒரு நர்ஸுக்கு இடம் கொடுத்த சமுதாயம் நாம். இன்று ஆஸ்பத்திரியில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? முகப்பேரிலும் சுற்றுவட்டாரத்திலும் பெரிய மருத்துவமனைகள் இருப்பதால் வெளியூர் ஜமாஅத்தார்கூட சிகிச்சைக்கு இங்கே வருகிறார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டருக்கு சால்வை, ஸ்வீட் பாக்ஸ். இரவெல்லாம் கண்விழித்து, மலம் துடைத்து, ட்ரிப்ஸ் மாற்றிய சிஸ்டரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. பார்வையாளர் நேரம் முடிந்தது என்று அவர் சொன்னதற்கு மட்டும் சண்டை போட்டிருப்போம்!

நம் மஹல்லாவில் இதய ஆபரேஷன் முடிந்து வந்த பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், அந்தப் பொண்ணு கிறிஸ்தவப் பொண்ணு. சுப்ஹுக்கு என்னை எழுப்பி, 'அப்பா, எந்தப் பக்கம் திரும்பணும்?'னு கேட்டுக் கட்டிலையே திருப்பிப் போட்டுச்சு. அதுக்காக நான் துஆ செய்யலாமா?"

தாராளமாகச் செய்யலாம். மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவனாக மாட்டான் என்ற கருத்தில் அபூதாவூதிலும் திர்மிதியிலும் வரும் ஹதீஸ் "மனிதர்கள்" என்றே பேசுகிறது. முஸ்லிம்கள் என்று சுருக்கவில்லை. தாயிஃபிலிருந்து திரும்பிய நபியவர்களுக்கு மக்காவில் அடைக்கலம் தந்தவர் முத்இம் இப்னு அதீ. அவர் இஸ்லாத்தை ஏற்காமலே இறந்தார். ஆனாலும் பத்ருக்குப் பிறகு, முத்இம் உயிரோடிருந்து இந்தக் கைதிகளுக்காகப் பேசியிருந்தால் அவருக்காக இவர்களை விட்டிருப்பேன் என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னது புகாரியில் இருக்கிறது. ஆண்டுகள் கழிந்தும் மறக்கவில்லை, பாருங்கள். உக்பா இப்னு ஆமிர் (ரலி) ஒரு கிறிஸ்தவருக்கு நீண்ட ஆயுளும் செல்வமும் பிள்ளைப்பேறும் கேட்டு துஆ செய்ததும் அல்அதபுல் முஃப்ரதில் உண்டு. அந்தப் பெண்ணின் ஆரோக்கியத்துக்கும், நல்வாழ்வுக்கும், ஹிதாயத்துக்கும் கேளுங்கள்.

துஆ போதுமா? நமக்கு உபகாரம் செய்தவருக்குக் கைம்மாறு செய்ய வேண்டும், முடியாதபோது துஆ என்பதுதான் நபிவழியில் உள்ள வரிசை. போர்களில் காயம்பட்டோரைப் பராமரித்த பெண்களுக்கு, போர்வீரர்களைப் போலப் பங்கு நிர்ணயிக்காவிட்டாலும், கனீமத்திலிருந்து நபியவர்கள் கொடுத்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) சொல்வது முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

நாம் என்ன செய்தோம்? 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாடே கைதட்டியது. கொரோனா வார்டில் வேலை பார்த்த 2,000-க்கும் மேற்பட்ட ஒப்பந்தச் செவிலியர்களுக்கு 2022 டிசம்பர் 31-உடன் தமிழ்நாட்டில் பணி முடிந்தது. அவர்கள் வீதிக்கு வந்து போராடினார்கள். மாற்றுப் பணி தருவோம் என்று அரசு பிறகு அறிவித்தது. கைதட்டல் வாடகை கட்டாது.

கேரளத்தில் 2018-இல் நிபா வந்தபோது, பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் நோயாளியைப் பராமரித்த நர்ஸ் லினி அதே நோய் தொற்றி மே 21 அன்று இறந்தார். சாகும் தறுவாயில் கணவருக்குக் குறிப்பு எழுதி, இரண்டு சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். நோய் பரவும் என்ற அச்சத்தால் உடலைக்கூட வீட்டாரிடம் தரவில்லை. அவர் பராமரித்த நோயாளியும் பிழைக்கவில்லை; நன்றி சொல்ல ஆள் மிஞ்சவில்லை. உயிரோடு வீடு திரும்பிய நமக்கு என்ன சாக்கு?

ஒரு எச்சரிக்கை. நன்றி என்ற பெயரில் கையில் பணத்தைத் திணிக்காதீர்கள், குறிப்பாக அரசு மருத்துவமனையில். ஜகாத் வசூலிக்கப் போன இப்னுல் லுத்பிய்யா, "இது எனக்கு வந்த அன்பளிப்பு" என்று தனியே எடுத்து வைத்தபோது, பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இது உம்மைத் தேடி வந்திருக்குமா என்று நபியவர்கள் கண்டித்தார்கள். நீங்கள் கொடுக்கும் நூறு ரூபாய், கொடுக்க வசதியில்லாத அடுத்த கட்டில்காரரைப் பின்னுக்குத் தள்ளும்.

கடிதம் எழுதுங்கள். சிஸ்டரின் பெயர், வார்டு எண், தேதி, அவர் செய்த உதவி, இவ்வளவு போதும். ஒரு பிரதியை மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கும், ஒன்றை அவர் கையிலும் கொடுங்கள். எழுத வராதவர்கள் அஸருக்குப் பிறகு பள்ளிக்கு வாருங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதித் தருகிறேன்.