பொட்டாஷ் தெளிப்பு மழைக்கு மாற்றாகுமா?

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் நிலங்களில் புரட்டாசியில் விதைத்த மானாவாரி உளுந்தும் பாசியும் பூக்கும் வேளையில் வடகிழக்குப் பருவமழை பொய்த்துவிட்டால், பொட்டாஷைக் கரைத்து இலையில் அடித்தால் போதும், மழையே வேண்டியதில்லை என்னும் பேச்சு ஆண்டுதோறும் தவறாமல் கிளம்புகிறது. பள்ளிக்கூடக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்திருந்தாலே இப்பேச்சு வரப்பைத் தாண்டியிருக்காது.

ஏக்கருக்கு 200 லிட்டர் வீதம் தெளிக்கப்படும் நீர் 0.05 மில்லிமீட்டர் மழைக்கே ஈடாகும். தழைத்து நிற்கும் பயிரோ வெயில் கொளுத்தும் ஒரே நாளில் 4 முதல் 5 மில்லிமீட்டர் வரை நீரை இழக்கக்கூடியது. 1 விழுக்காட்டுக் கரைசலில், அதாவது 10 லிட்டருக்கு 100 கிராம் வீதம், ஏக்கருக்குச் செல்லும் 2 கிலோ பொட்டாசியம் குளோரைடில் உரக்கணக்கின்படி உள்ள சாம்பல்சத்து 1.2 கிலோ மட்டுமே என்பதால், மானாவாரிப் பயறுக்கு அடியுரமாகப் பரிந்துரைக்கப்படும் 5 கிலோவில் அது கால் பங்குகூட ஆகாது.

அவ்வாறெனில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வறட்சியில் இத்தெளிப்பைப் பரிந்துரைப்பது ஏன்? இலைத்துளைகளின் இருமருங்கும் உள்ள காப்புச் செல்களுக்குள் பொட்டாசியம் புகும்போது நீரும் உடன்புகுந்து துளை திறக்கிறது, அது வெளியேறும்போது துளை மூடுகிறது. இச்சத்துக் குறைந்த செடியில் துளைகள் உரிய நேரத்தில் மூடாமல் நீர் வீணாகிறது. ஆகவே தெளிப்பு, செடியிடம் எஞ்சியுள்ள ஈரத்தைச் சில நாள் சிக்கனமாகச் செலவிட உதவுகிறதே ஒழிய, இல்லாத ஈரத்தை உண்டாக்குவதில்லை. முற்றும் வாடிய இலையில் அடித்தால் கரைசல் உள்ளே இறங்காமல் உப்பாக உலர்ந்து கருகலையே தரும்.

அளவைக் கூட்டினால் பலன் கூடும் என்பதும் தவறு, கூடுவது கருகல்தான். கரிசலில் சாம்பல்சத்து மிகுதி, ஆகவே தெளிப்பே வீண் என்னும் எதிர்வாதத்திலும் பாதிதான் உண்மை. மண் காய்ந்தால் அச்சத்து வேரை நோக்கி நகர்வது தடைப்படும்.

இந்தியா தன் பொட்டாஷ் தேவைக்கு இறக்குமதியையே நம்பியிருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் அந்த மூட்டையின் மீது காட்டும் அக்கறையில் பாதியையேனும், கோடை உழவிலும், சரிவுக்குக் குறுக்கே உழுவதிலும், மழைநீரைப் பிடித்து நிறுத்தும் ஆழச்சால் அகலப்பாத்தி அமைப்பதிலும் உழவர் காட்ட வேண்டும். தெளிப்பானைத் தோளில் ஏற்றுமுன் ஒரு சாண் ஆழம் தோண்டி மண்ணில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லையெனில் அந்தச் செலவைத் தவிர்ப்பதே நல்லது.