தீர்ப்புக்குப் பின்னும் தேடல்

அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1957 முதல் 1966 வரை ஒளிபரப்பான 'பெர்ரி மேசன்' தொடரில், தம் கட்சிக்காரர் குற்றமற்றவர் என வழக்கறிஞர் மேசன் நிறுவுவதே வழக்கம். எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் படைத்த அப்பாத்திரத்தை ஏற்று நடித்தவர் ரேமண்ட் பர்.

1963-இல் வந்த ஓர் அத்தியாயமோ அவரது தோல்வியிலேயே தொடங்குகிறது. ஜானிஸ் பார்ட்டன் என்னும் பெண்ணைக் கொலைக் குற்றவாளி என்கிறது நீதிமன்றம்; மரண தண்டனையும் விதிக்கிறது. மேசன் ஓய்ந்துவிடவில்லை. மீண்டும் துப்புத் துலக்கி, உண்மையான கொலையாளியைக் கண்டறிகிறார்.

வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை கிடைத்த அளவையே முடிவென ஏட்டில் எழுத விரையும் மாணவன் நான். அங்கே பிழை நேர்ந்தால் மறுபடி செய்து பார்க்கலாம். தூக்குமேடையில் போன உயிர் மீளுமா? ஐயம் எஞ்சும்வரை ஆராய்வதே அறிவியல், நீதியும் அதுவே.