தாச்சி ஏறும் நாள்

யாழ்ப்பாணத்தில் வடையைப் பொரிப்பதில்லை, சுடுவார்கள். பணியாரமும் அப்படித்தான். கல்யாண வீட்டில் உறவுப் பெண்கள் கூடி முறுக்கும் அரியதரமும் செய்யும் நாளுக்குப் பலகாரச் சூடு என்றே பெயர். எண்ணெயின் பெயர் வாயில் வராமலே தாச்சி நிறைய வேலை நடந்துவிடும்.

முன்பெல்லாம் அந்தத் தாச்சி அடுப்பில் ஏற ஒரு காரணம் வேண்டியிருந்தது. தீபாவளி, கல்யாணம், வெளியூரிலிருந்து வந்திறங்கும் பிள்ளை. இப்போது சந்திக்குச் சந்தி கண்ணாடிப் பெட்டிக்குள் றோல்ஸும் பற்றிஸும் வாய்ப்பனும் காலை முதல் காத்திருக்கின்றன. காரணம் தானாக வராத காலத்தில், நாளைச் சாப்பிடுகிறவரே குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அளவோடு சாப்பிட நினைப்பவருக்கு முதல் வேலை அதுதான்.

நல்லூர்த் திருவிழாவை எடுத்துக்கொள்ளலாம். 25 நாள் திருவிழா. மாலையில் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் தினமும் இரண்டு வடை என்றால், கொடி இறங்குவதற்குள் 50 வடை. தேருக்கு ஒரு நாள், தீர்த்தத்துக்கு ஒரு நாள் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டால் நாலு வடையோடு முடிந்துவிடும். இடையில் கை துருதுருத்தால் கச்சான் இருக்கவே இருக்கிறது. வறுத்த கச்சானிலும் கொழுப்பு உண்டுதான். ஆனால் கோதுடைத்துத் தின்பதால் வாயின் வேகம் குறையும்.

அடுத்தது, தேத்தண்ணிக் கடை. இலங்கைக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. கேட்காமலே றோல்ஸ், பற்றிஸ் போன்ற சோட்டீற்ஸ் ஒரு தட்டு நிறைய மேசைக்கு வரும். தின்றதை எண்ணிக் காசு கொடுத்தால் போதும். பேச்சு சுவாரசியமானால் கை தன்பாட்டில் தட்டுக்குப் போய்வரும். பில் வரும்போதுதான் கணக்குத் தெரியும். விருப்பமான ஒன்றையோ இரண்டையோ எடுத்துவிட்டு, தட்டைக் கொண்டுபோகச் சொல்வதே இதற்கு மருந்து. பரிமாறும் தம்பி ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார், அவ்வளவுதான். கூடவே சீனி போட்ட பால் தேத்தண்ணிக்குப் பதில் வெறுந்தேத்தண்ணி கேட்கலாம். வடையைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்தால் வாங்கக் கூடாது. அச்சு மை சூடான எண்ணெயில் எளிதாகக் கரைந்துவரும்.

கடைத் தாச்சியையும் ஒரு கண் பார்ப்பது நல்லது. எண்ணெய் கறுத்து, தேன்போலத் தடித்து, பண்டம் விழுந்ததும் அடங்காமல் நுரைத்தால் அது பலமுறை கொதித்த எண்ணெய். அன்றைக்கு விரதம் என்று சொல்லி நடையைக் கட்டலாம்.

வீட்டில் சுடுவதென்றால் இந்தக் குடாநாட்டுக்கென்றே ஒரு பண்டம் இருக்கிறது: பனங்காய்ப் பணியாரம். அளவோடு சாப்பிடும் பாடத்தை அதுவே சொல்லித் தரும். ஆவணி, புரட்டாதியில் பழம் விழும் காலத்தில்தான் அது கிடைக்கும். வேலையும் கொஞ்ச நஞ்சமல்ல. தானாக விழுந்த பழத்தைக் கழுவி, தோலை உரித்து, தும்பிலிருந்து களியைப் பிசைந்து எடுக்க வேண்டும். பழத்தை நெருப்பில் வாட்டிப் பிழிகிறவர்களும் உண்டு. தும்பு போக வடித்த களியை நாக்கில் வைத்துப் பார்ப்பது அவசியம். சில மரத்துப் பழம் கைக்கும், அதை ஒதுக்கிவிட வேண்டியதுதான். நல்ல களியைச் சீனியோடு பச்சை வாசம் போகும்வரை காய்ச்சி, ஆறவிட்டு, கோதுமை மாவும் கொஞ்சம் வறுத்த அரிசி மாவும் சேர்த்துக் கையில் ஒட்டும் பதத்துக்குக் குழைத்தால் மா தயார். விதையை எறிவதில்லை. அது பாத்திக்குள் போய், சில மாதத்தில் கிழங்காகி வரும். அப்போது அவித்துத் தின்னலாம், ஒரு சொட்டு எண்ணெயும் இல்லாமல்.

இனி எண்ணெய். சூடு 170 முதல் 180 பாகை செல்சியஸ் இருந்தால் சரி. வெப்பமானி இல்லாத வீட்டில் ஒரு துளி மாவைப் போட்டுப் பார்க்கலாம். அடியில் கிடந்தால் சூடு போதாது. உடனே கறுத்தால் அதிகம். நுரைத்து மேலே வந்தால் பதம். புகை கிளம்பினால் அடுப்பைக் குறைக்க வேண்டும். ஒரே தடவையில் தாச்சியை நிறைப்பது பெரும்பாலானோர் செய்யும் பிழை. சூடு விழுந்துவிடும், பணியாரம் வேக நேரமெடுத்து எண்ணெயைக் குடிக்கும்.

அந்தக் குடிப்பு எப்போது நடக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பண்டம் வேகும்போது அதற்குள் இருக்கும் நீர் ஆவியாகி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். எண்ணெய் பெரிதாக உள்ளே புக முடியாது. தூக்கி வெளியே எடுத்ததும் ஆவி அடங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுக்கும். ஆகவே ஓட்டைக் கரண்டியில் எடுத்தவுடன், தாச்சிக்கு மேலேயே இரண்டு உதறு உதறி, சூடு ஆறுமுன் கடதாசியில் பரப்ப வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து ஒற்றுவதில் பயன் குறைவு. நிறம் மண்ணிறத்தோடு நிற்கட்டும். மாப்பொருளை அதிக சூட்டில் கருகவிட்டால் அக்ரிலமைட் என்ற வேண்டாத பொருள் கூடுகிறது என்பதைச் சுவீடன் ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்டார்கள்.

மிஞ்சிய எண்ணெயை ஆறவிட்டு, துணியில் வடித்து, மூடி வைத்து, சில நாளுக்குள் தாளிக்கவோ கறிக்கோ தீர்த்துவிடலாம். அதில் மறுபடி மறுபடி சுடுவதோ, பழையதோடு புதியதை ஊற்றி நிரப்புவதோ வேண்டாம். கிணற்றடியில் கொட்டுவது அதைவிட மோசம். சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் நீரை நம்பி வாழும் ஊர் இது; சுன்னாகத்துக் கிணற்று நீரில் கழிவு எண்ணெய் கலந்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. அது மின்நிலையத்து எண்ணெய், இது அடுக்களை எண்ணெய் என்று மண் பிரித்துப் பார்க்காது.

பருத்தித்துறை வடையிடம் தனி எச்சரிக்கை தேவை. உளுந்தும் மாவும் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் சேர்த்து, மெல்லிய தட்டையாகத் தட்டிச் சுடும் இந்த வடை பல நாள் கெடாமல் மொறுமொறுப்பாக இருக்கும். கனடாவுக்கும் லண்டனுக்கும் போகும் பெட்டிகளில் அது இடம்பிடிப்பதும் அதனால்தான். ஆனால் தட்டையான பண்டத்தில் மேற்பரப்பு அதிகம். அதனால் எண்ணெயும் அதிகம். கெடாத பண்டம் ரின்னில் இருந்தால் போகிற வருகிறவர் கையெல்லாம் அதற்குள்தான். வாங்கிய அன்றே நாலைந்து வடையாகச் சின்னப் பைகளில் பிரித்துக் கட்டி, இரண்டு பையை வைத்துக்கொண்டு மற்றதைப் பக்கத்து வீட்டுக்கும் மாமி வீட்டுக்கும் கொடுத்துவிடலாம். பலகாரம் கொடுத்தனுப்புவது இங்கே புதுப் பழக்கமும் அல்ல.

அன்றைய மற்றச் சாப்பாட்டையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உணவிலிருந்து கிடைக்கும் சக்தியில் கொழுப்பின் பங்கு 30 வீதத்தைத் தாண்டாமலிருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2000 கலோரி உண்பவருக்கு அது ஏறத்தாழ 66 கிராம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 13, 14 கிராம். பின்னேரம் பணியாரம் என்றால் இரவுக்குக் கொத்து ரொட்டி வேண்டாம். இடியப்பமும் சொதியும், அல்லது குரக்கன் பிட்டும் முருங்கையிலை வறையும் போதும். பட்டினி கிடந்து ஈடுகட்டப் பார்த்தால் பசி இன்னும் நாலு பணியாரத்தில் கொண்டுபோய்விடும். நீரிழிவு, இதய நோய், பித்தப்பைக் கல் உள்ளவர்கள் எண்ணிக்கையை வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பனங்காய்ப் பணியாரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. சுட்ட அன்று கொஞ்சம் முறுகலாக இருக்கும். மூடி வைத்தால் மறுநாள் மெதுவாகி, பழத்தின் வாசம் மேலெழும். விஷயம் தெரிந்தவர்கள் முதல் நாள் ஒன்றைக் கடித்துப் பதம் பார்ப்பதோடு நிறுத்திவிட்டு, மீதியை அடுத்த நாள் தேத்தண்ணிக்கு எடுத்து வைக்கிறார்கள். இரவில் யாராவது அந்த மூடியைத் திறந்தால் சத்தம் கேட்கிற மாதிரி, சில்வர் பாத்திரத்தில்.