ரெக்கார்டு நோட்டிலிருந்து கவுன்சலிங் நாற்காலிவரை

பி.எஸ்சி. உளவியலில் சேரும் பிள்ளைகள் பலர் முதல் செமஸ்டரில் முகம் வாடித்தான் திரிகிறார்கள். கனவுக்கு விளக்கம் சொல்லும் பிராய்டு வருவார், தொடர் கொலைகாரனின் மனம் திறக்கும், தோழியின் காதல் தோல்விக்கு வழி பிறக்கும் என்று வந்தவர்களுக்கு நரம்பணு, புலன் உணர்வு, சராசரி, திட்ட விலக்கம் என்று பாடம் ஓடுகிறது. கவுன்சலிங் தாள் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று முடிவு செய்கிறார்கள். அதே வகுப்பறையில் படித்து, பிறகு அடுத்தடுத்த ஆண்டு மாணவர்களோடு பழகியதில் எனக்குத் தெளிவான விஷயம் ஒன்று உண்டு. கவுன்சலிங்கை நன்றாகச் செய்கிறவர்கள், பெரும்பாலும், லேபைச் சுமையாக நினைக்காதவர்கள்.

துறை பிறந்ததும் லேபில்தான். 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் அமைத்த ஆய்வகத்தைத் தொடக்கமாகப் பாடநூல்கள் கொள்கின்றன. வுண்ட்டின் மாணவர் ஹ்யூகோ மன்ஸ்டர்பெர்க் ஹார்வர்டுக்குப் போனார். அவரிடம் படித்துத் திரும்பிய என்.என். சென்குப்தாவின் தலைமையில் 1916இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதல் உளவியல் துறை உருவானது.

முதலாண்டு பிராக்டிகலில் தவறாமல் வருவது முல்லர்-லையர் சோதனை. பலகையில் இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புத் தலை, மற்றதில் வெளிப்புறம் விரியும் சிறகு. பலகையை நகர்த்தி இரண்டையும் சமமாக்க வேண்டும். சப்ஜெக்ட்டாக உட்காரும் மாணவி “இப்ப சரியா இருக்கு” என்று சொன்ன இடத்தில் ஸ்கேலை வைத்தால், சிறகுக் கோடு சில மில்லிமீட்டர் குறைவாகவே இருக்கும். அளந்து காட்டிய பிறகும் கண் கேட்காது. அதே கோடு நீளமாகவே தெரியும்.

இதை ரெக்கார்டு நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் சோதனையின் சுவை அதற்கு அப்பால் இருக்கிறது. சீகல், கேம்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் பல நாடுகளின் சமூகங்களில் இதே கோடுகளைக் காட்டி, 1966இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதிகம் ஏமாந்தவர்கள் இல்லினாய் மாநிலத்தின் எவன்ஸ்டன் நகரவாசிகள். கலஹாரியின் சான் மக்கள் ஏறக்குறைய ஏமாறவே இல்லை. காரணம் என்ன என்பதில் சர்ச்சை இன்னும் ஓயவில்லை. மேற்கத்திய நாட்டுக் கல்லூரி மாணவர்களைச் சோதித்துவிட்டு ‘மனித இயல்பு’ என்று எழுதுவது சரியா என்று ஜோசப் ஹென்ரிக்கும் சகாக்களும் 2010இல் கேள்வி எழுப்பியபோது, இந்தக் கோடுகளையும் சாட்சிக்கு அழைத்தார்கள். ஆகவே முதலாண்டிலேயே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளலாம்: பாடநூலில் எந்த முடிவைப் படித்தாலும், யாரிடம் சோதித்தது, எத்தனை பேரிடம், எந்த ஆண்டில் என்று பக்க ஓரத்தில் குறித்துவைப்பது.

கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் சோதனையும் இப்படித்தான். கை ஒரு பக்கம் போக, கோடு மறுபக்கம் போகும். வகுப்பே சிரித்துக் களைக்கும். இதே நட்சத்திரம் நினைவாற்றல் ஆய்வின் திசையைத் திருப்பியது. வலிப்பு நோய்க்காக 1953இல் மூளை அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மோலைசனால் புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் வைக்க முடியவில்லை. 2008இல் இறக்கும்வரை ‘எச்.எம்.’ என்ற எழுத்துகளாக மட்டுமே ஆய்வுலகம் அவரை அறிந்திருந்தது. மான்ட்ரியாலைச் சேர்ந்த பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடி நட்சத்திரம் வரையவைத்தார். நாளுக்கு நாள் பிழை குறைந்தது. முந்தைய நாள் வரைந்ததே அவருக்கு நினைவில்லை. கை கற்றுக்கொள்வதும் நிகழ்ச்சியை நினைவுகூர்வதும் மூளையில் வேறுவேறு ஏற்பாடுகள் என்பது அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எண்களை நிரப்புவது எல்லாக் கல்லூரியிலும் நடக்கும் சங்கதி. அதில் போவது மதிப்பெண் அல்ல. சப்ஜெக்ட் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுவது, எதிர்பார்த்தபடி வராத முடிவையும் வந்தபடியே பதிவது என்ற இரண்டு பழக்கங்கள் போய்விடும். பின்னாளில் ஒருவரின் கதையைக் கேட்டுக் குறிப்பெழுதும்போது வேண்டியவையும் அவைதான்.

புள்ளியியல் என்றதும் அரண்டு போகிறவர்களுக்கு ஒரு கதை. டி-டெஸ்ட்டைக் கண்டுபிடித்தவர் டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட். ஆலை ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுதத் தடை இருந்ததால், 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் கட்டுரையை வெளியிட்டார். சிறிய மாதிரிகளை வைத்து எவ்வளவு துணிவாக முடிவு சொல்லலாம் என்ற ஆலைப் பிரச்சினைதான் இன்றைய தேர்வுத்தாளில் பத்து மதிப்பெண் கேள்வியாக நிற்கிறது. முதலில் கால்குலேட்டரோடு கையால் போட்டுப் பார்ப்பதும், பிறகு ஜமோவி போன்ற இலவச மென்பொருளில் அதே கணக்கை ஓட்டிப் பார்ப்பதும் பயத்தைப் போக்கும். விடுதித் தோழிகள் தூங்கும் நேரம், பேருந்தில் வருவோரின் பயண நேரம் என்று சொந்தமாகத் திரட்டிய எண்களைப் போட்டால் சூத்திரம் சட்டென்று பிடிபடும்.

புகழ்பெற்ற ஆய்வுகளிடமும் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. 1964இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் கொல்லப்பட்டதை 38 பேர் பார்த்தும் ஒருவரும் உதவவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. கூட்டம் கூடினால் உதவும் பொறுப்பு கரைந்துபோகிறது என்று 1968இல் டார்லியும் லடானேயும் காட்டிய சோதனைக்கு அந்தச் செய்திதான் பொறி. சோதனை இன்றும் மதிக்கப்படுகிறது. செய்திதான் ஆட்டம் கண்டுவிட்டது: 38 என்ற எண்ணுக்கு ஆதாரம் இல்லை என்று 2007இல் மூன்று உளவியலாளர்கள் எழுதினார்கள். பிறகு பெரிய இடி 2015இல் இறங்கியது. உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்ததில், புள்ளியியல் அளவில் தேறியவை 36 விழுக்காடு மட்டுமே. தேர்வில் பாடநூல் விடையை எழுதிவிட்டு, அதன் பின் என்ன ஆனது என்று ஒரு வரி சேர்க்கும் மாணவரைத் திருத்துகிறவர் கவனிக்காமல் போகமாட்டார்.

இந்தச் சந்தேகப் பயிற்சியோடு வருகிறவருக்குக் கவுன்சலிங் தாளில் முதல் வேலை பாதி முடிந்துவிடுகிறது. காதும் கண்ணைப் போலவே ஏமாறும் என்று அவருக்குத் தெரியும்.

வகுப்பில் மூன்று மூன்று பேராக உட்காரவைப்பார்கள். ஒருவர் ஆலோசகர், ஒருவர் உதவி தேடி வந்தவர், ஒருவர் பார்வையாளர். “எங்க அப்பா என்கிட்ட பேசறதே இல்ல” என்று ஒருத்தி தொடங்குவாள். ஆலோசகராக இருப்பவளின் வாயில் முதலில் வருவது, “அவரு உன் நல்லதுக்குத்தாம்பா இருப்பாரு, நீயே போய்ப் பேசிடேன்.” பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “எப்பலேர்ந்து பேசறதில்ல?” என்று கேட்டவளின் மேசையில் பேச்சு வளரும். சில நேரம் எதுவும் கேட்காமல் காத்திருந்தவளின் மேசையில் இன்னும் வளரும். நம் வீடுகளில் அன்பு பெரும்பாலும் அறிவுரையாகவே வெளிப்படுகிறது. அதனால் அறிவுரையை அடக்குவது நம் பிள்ளைகளுக்குக் கூடுதல் சிரமம்.

இதற்குக் கைகொடுப்பது ஒலிப்பதிவு. ஆலோசனை அமர்வை முழுமையாகப் பதிவுசெய்து, எழுத்தாக்கி, முதன்முதலில் புத்தகத்தில் வெளியிட்டவர் கார்ல் ரோஜர்ஸ், ஆண்டு 1942. அறைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை மற்றவர்கள் சோதித்துப் பார்க்க அப்போதுதான் வழி பிறந்தது. இன்று அந்த வசதி எல்லோர் கையிலும் இருக்கிறது. மூன்று பேரும் சம்மதித்தால் ரோல் ப்ளேயைப் போனில் பதிந்து, எத்தனை இடத்தில் குறுக்கிட்டோம், எத்தனை கேள்விக்கு ‘ஆமா, இல்ல’ என்பதே பதிலாக வந்தது என்று எண்ணிப் பார்க்கலாம். பயிற்சியைத் தமிழிலேயே செய்வது நல்லது. ஆங்கிலப் பாடநூலில் அறிகுறிப் பட்டியலைப் படித்தவர், எதிரில் இருப்பவர் “நெஞ்சை அடைக்குது, தலை பாரமா இருக்கு, சோறு எறங்கல” என்று சொல்லும்போது தடுமாறக் கூடாது.

பிறழ்நிலை உளவியல் பாடம் தொடங்கியதும் இன்னொரு கூத்து. பக்கத்து அறைக்காரிக்கு ‘ஓசிடி’, தம்பிக்கு ‘ஏடிஎச்டி’, மாமாவுக்கு ‘நார்சிசிசம்’ என்று விடுதி முழுக்கப் பட்டம் வழங்கப்படும். தனக்கும் நாலைந்து நோய் இருப்பதாக இரவில் பயம் பிடிக்கும். அன்றாட வாழ்க்கையை எந்த அளவு குலைக்கிறது, எத்தனை காலமாக இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளும் நோயறிதலில் அறிகுறிக்குச் சமமான இடம் பெறுகின்றன என்பதைப் படித்தால் இந்தக் காய்ச்சல் தணியும்.

உண்மையிலேயே தவிப்போடு ஒரு தோழி வந்தால்? கேட்கலாம், கூட இருக்கலாம், சொன்னதை வெளியே சொல்லாமல் காக்கலாம். சிகிச்சையில் இறங்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் ரகசியம் என்று மூடிவைக்காமல் பொறுப்பானவரிடம் சேர்க்க வேண்டும். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 எண்ணும், 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பும் ஒவ்வோர் உளவியல் மாணவருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை.

வகுப்பில் விவாதிக்க ஏற்ற தமிழ்நாட்டு வழக்கு ஒன்று இருக்கிறது. 2021இல் வீட்டை விட்டு வந்த ஒருபாலின இணையின் மனு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. தமக்கு இது பற்றிய புரிதல் போதவில்லை என்று வெளிப்படையாகச் சொன்ன அவர், உளவியலாளர் ஒருவரிடம் அமர்வுக்குப் போய்விட்டுத் தீர்ப்பெழுதினார். பாலின ஈர்ப்பை மருத்துவத்தால் ‘மாற்றும்’ முயற்சிகளுக்கு அந்த உத்தரவு தடை போட்டது. பிள்ளையை மாற்றிக் கொடுங்கள் என்று பெற்றோர் கேட்டு வந்தால் ஆலோசகர் எங்கே நிற்க வேண்டும் என்று அறநெறித் தாளில் வரும் கேள்விக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் தேட வேண்டியதில்லை.

படிப்பு முடிந்த பின்? இளநிலைப் பட்டம் மட்டும் ஒருவரை மருத்துவ உளவியலாளர் ஆக்காது. அந்தப் பெயரில் தொழில் செய்ய, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். மருந்து எழுதுவது மருத்துவம் படித்த மனநல மருத்துவரின் வேலை. இதுவரை பதிவுக்கான வழக்கமான பாதையாக இருந்தது இரண்டாண்டு எம்.ஃபில்.; அந்தப் பட்டத்தையே யுஜிசி கைவிட்டதால் பாதை மாறிக்கொண்டிருக்கிறது. உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்த 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் யுஜிசி தடை விதித்திருக்கிறது. ‘ஆறு மாதத்தில் கவுன்சலர்’ என்ற விளம்பரங்களோ குறையவில்லை. எந்த மேற்படிப்பானாலும், கல்லூரியின் பெயரும் படிப்பின் பெயரும் மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கின்றனவா, அங்கீகாரம் எந்த ஆண்டுவரை என்பதை அதன் இணையதளத்தில் பார்த்துக்கொண்டு, அதன் பிறகு கட்டணம் கட்டலாம்.