சிறு காரும் ஆற்றங்கரைச் சாலையும்

காவிரி நாட்டிலே சாலைகள் பெரும்பாலும் ஆறுகளின் போக்கைத் தழுவிச் செல்வன. வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு முதலிய ஆறுகளும், அவற்றினின்று பிரியும் வாய்க்கால்களும் எவ்விடத்து வளைகின்றனவோ, அவ்விடத்துக் கரைமேற் செல்லும் சாலையும் வளையும். ஒருபுறம் நீர், மறுபுறம் சாலையினுந் தாழ்ந்த வயல். வாய்க்காலைக் கடக்குமிடந்தோறும் மதகுப்பாலம் கூன்முதுகுபோல் உயர்ந்து நிற்கும். அடியில் இருப்பதோ நீர் பட்டால் உப்பிக் காய்ந்தால் வெடிக்கும் வண்டற் களிமண். ஆகலின், மேலே இட்ட தாரும் நாளடைவில் அலையலையாய் மேடுபள்ளமாகி விடுகின்றது. சம்பா அறுவடைக் காலத்தில் உழவர் நெல்லைச் சாலையிலேயே பரப்பி உலர்த்துதலும் உண்டு. இத்தகைய சாலையில் ஒரு சிறு கார் செவ்வனே செல்ல வேண்டுமாயின், அதன் சஸ்பென்ஷன் எவ்வாறிருத்தல் வேண்டும், அதனைத் திருத்த விரும்புவோர் எதனை முதலிற் கொள்ளல் வேண்டும், எதனை விலக்கல் வேண்டும் என்பனவே இக்கட்டுரையின் பொருளாம்.

தமிழ் பயிலும் மாணவனுக்கு இயந்திரத்தில் என்ன வேலை என நண்பர் சிலர் வினவலாம். என் சிற்றப்பா ஞாயிறுதோறும் கிராமச் சபைகளுக்கு ஆராதனை நடத்தச் செல்பவர். அதன்பொருட்டுப் பழைய சிறு கார் ஒன்றைச் சிறுகச் சேர்த்த பணத்தால் வாங்கினார். ஐவர் அமர்ந்தால் மதகுப்பாலந்தோறும் காரின் அடி உராய்ந்தது. ஒரு பட்டறையில், பின்புறச் சுருள்வில்லின் சுற்றுகளுக்கிடையே ரப்பர்த் துண்டுகளைச் செருகி, "இனிமேல் உராயாது" என்றனர். உராயவும் இல்லை. ஆனால் அடுத்த வாரமே, பாலத்தை விட்டிறங்கி உடனே வளைவில் திரும்புகையில் பின்சக்கரங்கள் துள்ளி, வண்டி பக்கவாட்டிற் சறுக்கிக் கரையோரத்து மண்மேட்டில் முட்டி நின்றது. நானும் சின்னம்மாவும் உள்ளே இருந்தோம். ஆற்றிலே நீர் கரை நிறைந்து ஓடிற்று. அன்று முதல் இவ்விஷயத்தைக் கற்றறிய வேண்டும் என்னும் எண்ணம் எனக்குண்டாயிற்று.

உறுப்புகளும் அவற்றின் தொழிலும்

நம் மாட்டு வண்டியில் அச்சும் சட்டமும் ஒன்றோடொன்று இறுகப் பிணைக்கப்பட்டவை. ஆகவே பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் இருப்பவனும் உடனிறங்குவான். காரில் சக்கரத்திற்கும் உடலுக்கும் இடையே வில் உளது. அம்பாஸடர் காரின் பின்புறத்தில் இருந்தது அடுக்குப் பட்டை வில். 1983ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் முதன்முதல் விற்பனைக்கு வந்த மாருதி 800இன் முன்புறத்தில் அமைந்தது, சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாய்ச் சேர்ந்த மெக்பெர்சன் ஸ்டிரட் என்னும் அமைப்பு. இன்றைய சிறு கார்களிற் பெரும்பாலனவற்றின் முன்புறம் இவ்வகையினதே.

வில் தாங்குவது, ஷாக் அப்சார்பர் அடக்குவது. இவ்விரண்டன் தொழிலும் வேறென்பதை உணராமையே பல பிழைகளுக்கு மூலம். மேட்டில் ஏறிய சக்கரத்தின் ஆற்றலை வில் வாங்கிக்கொள்ளும். வாங்கியதைத் திருப்பித் தரும்போது வண்டி மேலுங் கீழும் ஆடும். அவ்வாட்டத்தை, எண்ணெய் சிறு துளைகளின் வழியே பிதுங்கிச் செல்லும் தடையினால் ஷாக் அப்சார்பர் வெப்பமாக மாற்றித் தணிக்கின்றது. மூன்றாவது உறுப்பு ஸ்டெபிலைசர் பார் எனப்படும் குறுக்குக் கம்பி. இடச் சக்கரமும் வலச் சக்கரமும் ஒருங்கே ஏறி இறங்கினால் இது வாளா இருக்கும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் முறுக்குண்டு, உடல் ஒருபுறஞ் சாய்வதைத் தடுக்கும். இவற்றையெல்லாம் பிணைக்கும் இடங்களில் ரப்பர்ப் புஷ்களும் பால் ஜாயின்டுகளும் உள. இறுதியாக, தரையைத் தொடுவது டயர் ஒன்றே. ஏனையவெல்லாம் அந்நான்கு டயர்களும் தரையை விடாதிருத்தற் பொருட்டே அமைந்தன என்க.

வில்லைக் கடினமாக்கினால் நேர்வது யாது? ஒரு சக்கரத்தின்மேல் 200 கிலோ எடையும், மீட்டருக்கு 16,000 நியூட்டன் வலியுடைய வில்லும் இருப்பதாகக் கொள்வோம். அது வினாடிக்கு ஏறக்குறைய 1.4 முறை ஆடும். ரப்பர் செருகியதனால் வில் ஒன்றரை மடங்கு கடினமாயிற்று எனின், ஆட்டம் வினாடிக்கு 1.7 முறைக்கு மேலாகும். ஷாக் அப்சார்பர் மட்டும் பழையதே. ஆகவே, அவ்வில்லை அடக்குதற்குரிய அதன் திறன் விகித அளவில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைந்து போகின்றது. ஏற்கெனவே தேய்ந்த ஷாக் அப்சார்பராயின் கேட்கவே வேண்டா. சக்கரம் மேட்டைத் தாண்டியதும் துள்ளும். துள்ளும் சக்கரத்திற்குத் தரைப் பிடிப்பு இல்லை. பிடிப்பில்லாத வேளையில் வளைவு வந்தால் வண்டி சறுக்கும். எங்கட்கு நேர்ந்தது இதுவே. மேலும், ரப்பர் செருகிய சுற்று அசையாது நிற்க, மற்றைச் சுற்றுகள் அதன் பங்கையுஞ் சுமத்தலால், நாளடைவில் வில் முறிதற்கும் இடமுண்டு.

வளைவிலே நிகழ்வது

வளைவில் திரும்பும் வண்டியின் எடை உட்புறச் சக்கரங்களினின்று வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறும். எவ்வளவு மாறும் என்பது வேகம், வளைவின் ஆரம், எடைமையத்தின் உயரம், இரு சக்கரங்களுக்கிடையேயுள்ள அகலம் ஆகியவற்றைப் பொறுத்தது. ஆட்களுடன் 900 கிலோ எடையும், 55 செண்டிமீட்டர் எடைமைய உயரமும், 1.3 மீட்டர் சக்கர அகலமும் உடைய சிறு கார், 30 மீட்டர் ஆரமுள்ள ஆற்றங்கரை வளைவில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புவதாகக் கொள்வோம். அப்பொழுது ஏறக்குறைய 160 கிலோ எடை வெளிப்புறத்திற்கு மாறும்; அஃதாவது, வெளிப்புறம் 610 கிலோவும் உட்புறம் 290 கிலோவும் தாங்கும். காரை 3 செண்டிமீட்டர் உயர்த்தினால் மாறும் எடை 169 கிலோ ஆகும். உயர்த்தாமலே வேகத்தை 30 கிலோமீட்டராகக் குறைத்தாலோ மாறும் எடை 90 கிலோவே. விலை கொடாது பெறும் இத்திருத்தத்தினும் சிறந்த திருத்தம் எந்தக் கடையிலும் இல்லை என்பதை இக்கணக்கே காட்டும்.

இன்னொரு நுட்பமும் அறியத்தக்கது. டயரின்மேல் எடை இருமடங்கானால் பிடிப்பு இருமடங்காவதில்லை. சற்றுக் குறைவாகவே கூடும். ஆதலால் முன் அச்சு, பின் அச்சு என்னும் இரண்டனுள் எது மிகுதியாக எடைமாற்றத்தை ஏற்கின்றதோ, அதுவே பிடிப்பை முன்னர் இழக்கும். முன்புறத்தை மட்டுங் கடினமாக்கினால், ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் நேரே செல்லப் பார்க்கும். பின்புறத்தை மட்டுங் கடினமாக்கினால், பின்புறம் வெளியே சறுக்கிக் கார் சுழலப் பார்க்கும். ஆகவே "கடினமாக்கினால் நன்று" என்னும் பொதுவிதி இல்லை. எதனைக் கடினமாக்குகின்றோம் என்பதே கேள்வி.

ஹெரால்டு கார் தந்த பாடம்

இதற்கு நம் நாட்டினின்றே ஒரு சான்று காட்டலாம். 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்னும் சிறு கார் வெளிவந்தது. 1961 முதல் அதனைச் சென்னையை அடுத்த தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் பெயரால் உற்பத்தி செய்தனர். ஏறத்தாழ 25 அடி வட்டத்துள் திரும்பவல்ல அக்காரின் பின்சக்கரங்கள் தனித்தனியே அசைவன. குறுக்கே கிடந்த ஒரே அடுக்குப் பட்டை வில் இரண்டையுந் தாங்கிற்று. சமதளமற்ற சாலையில் இஃது ஒரு வசதி. ஆயினும் விரைந்து வளைகையில், பின்புறம் மேலெழும்பி, வெளிப்புறச் சக்கரம் உட்புறமாக மடங்கித் திடீரெனப் பிடிப்பை இழப்பது அவ்வமைப்பின் குறையாயிருந்தது.

இக்குறையை நீக்க அவர்கள் வில்லை மேலுங் கடினமாக்கினரோ? இல்லை. அதே இனத்தைச் சேர்ந்த ஸ்பிட்ஃபயர் காரில், 1970இல், வில்லின் பெரும்பாலான பட்டைகளை நடுவிலே தராசுக்கோல்போல் அசையவிட்டனர். அதனால் பின்புறம் எடையைத் தாங்கும் வலி குன்றாது, பக்கச் சாய்வை எதிர்க்கும் வலி மட்டுங் குன்றிற்று. அதற்கு ஈடாக முன்புறத்துக் குறுக்குக் கம்பியைப் பருமனாக்கினர். பின்புறம் மடங்கிச் சறுக்கும் தீங்கு பெரிதுங் குறைந்தது. நம் நாட்டிலோ, 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டின் வழியில் வந்த கெஸல் என்னும் காரில் தனியசைவுடைய பின்சக்கரங்களை விடுத்து, ஒரே திட அச்சினை அமைத்தனர். ஒரே குறைக்கு இரண்டு மருந்து. இரண்டும் நோயின் மூலத்தை ஆராய்ந்த பின்னரே தரப்பட்டன என்பதே ஈண்டு நாம் கொள்ளத்தக்க பாடம்.

தேர்ந்தெடுக்கும் முறை

மண்மேட்டில் முட்டிய காரை எங்கள் ஊரிலுள்ள வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரிடங் காட்டினோம். அவர் எதனையுங் கழற்றுமுன் டயரின் காற்றை அளந்தார். பின்பு காரின் ஒவ்வொரு மூலையையும் அழுத்தி விட்டார். ஒருமுறை எழுந்து அமைய வேண்டிய கார் மூன்று முறை ஆடிற்று. "தம்பி, வில் கெடவில்லை, ஷாக் அப்சார்பர்தான் செத்துக் கிடக்கிறது. செத்ததை மாற்றாமல் உயிரோடிருப்பதைத் திருத்தியிருக்கிறார்கள்" என்றார். அவர் செய்த வரிசையையே யானும் இங்கே முறைப்படுத்துகின்றேன்.

முதலாவது, டயர். காரின் கதவுச் சட்டத்தில் ஒட்டிய அட்டவணையிற் குறித்த அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்பொழுது காற்றடைத்தல் வேண்டும். ஆட்கள் நிறைந்திருக்கையில் வேண்டும் அளவும் ஆங்கே குறிக்கப்பட்டிருக்கும். தேய்ந்த டயரை வைத்துக்கொண்டு வில்லை மாற்றுவது, ஓட்டையை அடையாது குடத்தை மெருகிடுவதாகும்.

இரண்டாவது, தேய்ந்த புஷ், பால் ஜாயின்ட் ஆகியவற்றை மாற்றுதல். இவற்றுள் தளர்ச்சியிருப்பின், சக்கரம் நாம் நிறுத்திய கோணத்தில் நில்லாது.

மூன்றாவது, ஷாக் அப்சார்பர். எண்ணெய் கசிந்திருப்பினும், வண்டி பலமுறை ஆடினும் மாற்றற்குரியது. ஒரு அச்சின் இருபுறத்தையும் ஒருசேர மாற்றல் வேண்டும். மாற்றுமுறுப்பு அக்காருக்கென்றே உற்பத்தியாளர் குறித்த நீளமும் தரமும் உடையதாதல் வேண்டும்.

நான்காவது, வீல் அலைன்மென்ட். மேற்கூறியவற்றைச் செய்த பின்னரே இதனைச் செய்தல் முறை. முன்னர்ச் செய்தால் இருமுறை கூலி கொடுக்க நேரும்.

ஐந்தாவது, குறுக்குக் கம்பி. உடற்சாய்வு இன்னும் மிகுதியெனின் இதனை எண்ணலாம். ஆயின் முன்பின் சமநிலையை இது மாற்றும் என்பதை மேலே கண்டோம். அன்றியும், மேடுபள்ளமான சாலையில் ஒரு சக்கரம் பெற்ற அதிர்ச்சியை மற்றைச் சக்கரத்திற்கும் இது கடத்தும். நம் கரைச்சாலைகளுக்கு மிகப் பருமனான கம்பி பொருந்தாது.

இறுதியாகவே வில். தாழ்ந்த வில்லால் எடைமையம் இறங்கும் என்பது உண்மை. ஆனால் அது பந்தயத் தளத்திற்குரியது. மதகுப்பாலத்தில் அடி உராயும். சக்கரம் ஏறுதற்குரிய இடமுங் குறையும். உயர்த்திய வில்லால் நேரும் தீங்கை முன்னரே கூறினோம். பழைய வில் தளர்ந்து தாழ்ந்திருப்பின், அதே அளவினதாகிய புதிய வில்லை இடுதலே சாலும்.

சட்டமும் இவ்வழிக்கே துணை நிற்கின்றது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என விதிக்கின்றது. 2019ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வற்புறுத்தித் தீர்ப்பளித்தது.

முடிவுரை

எங்கள் காரில் ரப்பர்த் துண்டுகளை அகற்றிவிட்டு, பின்புற ஷாக் அப்சார்பர் இரண்டையும் புஷ்களையும் மாற்றினோம். அடி உராய்வதற்கு என்ன செய்தோம் எனின், ஐவர் செல்லுமிடத்து மூவர் காரிலும், இருவர் பேருந்திலுஞ் செல்கின்றோம். மென்மையான மயிலிறகேயாயினும் அளவு மிகுத்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் அரசர்க்குக் காட்டிய உவமை, சிறு கார் உடையார்க்கும் நேரே பொருந்துகின்றது. கோபுரங் கட்ட விரும்புவோன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என நம் ஆண்டவர் அருளிய அறிவுரையும் நினைவிற்கு வருகின்றது. சிற்றப்பா கணக்கிடாது பட்டறையிற் கொடுத்த பணம் ஒன்று. கணக்கிட்டபின் கொடுத்த பணம் மற்றொன்று. முன்னது எங்களை ஆற்றின் விளிம்பிற்குக் கொண்டு சென்றது.

ஆகவே நண்பர்காள், வண்டியைத் திருத்தப் புகுமுன் அதன் குறை எவ்வுறுப்பில் உளது என்று ஆராய்மின். தேய்ந்ததை மாற்றிய பின்னரே புதியதைச் சேர்மின். சாலையில் நெல் பரப்பியிருக்கக் கண்டால் வேகத்தைத் தணிமின். மணிகள் டயரின்கீழ் உருளுங்கால் எந்த வில்லும் பயன்படாது. அன்றியும், அவை ஓர் உழவனது ஆண்டு முழுதையும் தாங்கிய உழைப்பல்லவா?