ஜெய்ப்பூர் போறீங்களா? முதல்ல ஒரு நண்பகலைக் குறிச்சு வைங்க

செமஸ்டர் லீவுக்கு நாலு பேர் சேர்ந்து ஜெய்ப்பூர் பிளான் போட்டா என்ன நடக்கும்? நெட்ல வர்ற முதல் பத்து இடங்களை எழுதுவோம், ரெண்டு நாளுக்குப் பிரிப்போம், ஆட்டோ பிடிச்சு ஓடுவோம். அந்த லிஸ்ட்ல ஜந்தர் மந்தர் ஆறாவதோ ஏழாவதோ இருக்கும். சாயங்காலம் மூடப்போற நேரத்துல உள்ளே போய், ஒரு பெரிய படிக்கட்டு முன்னாடி குரூப் போட்டோ எடுத்துட்டு வந்துடுவோம். இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு இது பெரிய நஷ்டம். அதனால லிஸ்ட்டைத் தலைகீழாப் போடுங்க. ஜந்தர் மந்தர்ல ஒரு நண்பகல். மத்ததெல்லாம் அதைச் சுற்றி.

அந்தப் படிக்கட்டுக்குப் பேர் சாம்ராட் யந்திரம். 1727-ல் ஜெய்ப்பூரை உருவாக்கிய இரண்டாம் சவாய் ஜெய்சிங் கட்டிய சூரியக் கடிகாரம். உயரம் சுமார் 27 மீட்டர். அதன் சாய்வு 27 டிகிரி, அதாவது ஊரின் அட்சரேகை. அப்போதான் அந்தச் சாய்வு விளிம்பு பூமியின் அச்சுக்கு இணையா நிற்கும். (இதையே சென்னையில் கட்டினா 13 டிகிரி போதும்.) இரண்டு பக்கமும் சிறகு மாதிரி வளைந்த கல் அளவுகோல்கள். காலையில் நிழல் மேற்குச் சிறகில் இறங்கிவரும், நண்பகலில் அடிக்கு வரும், பிறகு கிழக்குச் சிறகில் ஏறும். இந்த மாற்றத்தைப் பார்க்கத்தான் நண்பகல் வேணும்.

சிறகின் ஆரம் சுமார் 15 மீட்டர். 2πr-ஐ 86,400-ஆல் வகுத்துப் பாருங்க: நிழல் நொடிக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நகருது! கண்ணாலேயே பார்க்கலாம். "2 செகண்ட் துல்லியம் சார்" என்று கைடு சொல்வார். அளவுகோலில் அந்த நுணுக்கமான கோடுகள் இருப்பது உண்மை. ஆனா சூரியன் புள்ளி இல்லை, அரை டிகிரி அகலமான வட்டு. 15 மீட்டர் தூரத்தில் அது நிழலின் விளிம்பை 10 சென்டிமீட்டருக்கும் மேல் மங்கலாக்கிடும். அப்போ 2 செகண்ட் எப்படி? ஒரு மெல்லிய நூலை அளவுகோலுக்குப் பக்கத்தில், நிழல் விளிம்புக்கு இணையா இழுத்துப் பிடிங்க. நூலின் நிழல் மங்கலுக்குள் எங்கே கரையுதோ, அதை வைத்து விளிம்பைக் கணிக்கணும். கூட வந்த நாலு பேரும் தனித்தனியா கணிச்சு ஒப்பிட்டா, கைடு சொன்னது எவ்வளவு தூரம் சரின்னு உங்களுக்கே தெரிஞ்சுடும்.

ஒரு எச்சரிக்கை: அது காட்டும் நேரம் உங்க போனோடு ஒத்துப்போகாது. நம்ம இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. ஜெய்ப்பூர் இருப்பது சுமார் 75.8-ல். டிகிரிக்கு 4 நிமிஷம்னா, கிட்டத்தட்ட 27 நிமிஷம் கூட்டணும். அதுக்கு மேல பூமியின் நீள்வட்டப் பாதை, அச்சின் சாய்வு காரணமா வரும் திருத்தம் வேற. கிறிஸ்துமஸ் சமயத்தில் அது ஏறக்குறைய பூஜ்யம், அதனால் 12:27-க்கு நண்பகல். நவம்பர் தொடக்கத்தில் 12:11 வாக்கில், பிப்ரவரி நடுவில் 12:41 வாக்கில். அரைமணி நேரம் முன்னாடியே உள்ளே இருங்க.

எந்த மாதம்னா, நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மழைக்காலத்தில் போனா நிழலே கிடைக்காம போகலாம். மே மாதக் கல்லில் கை வைக்க முடியாது. டிசம்பர் பனிமூட்டம் காலையில் தொந்தரவு செஞ்சாலும் நண்பகலுக்குள் பெரும்பாலும் விலகிடும்.

இனி மிச்சம். ஹவா மஹாலின் முகப்பு கிழக்கு பார்த்தது, அதனால் காலை வெயில்ல முதல்ல அங்கே போங்க. 1799-ல் கட்டியது. வாசல் ரோட்டுப் பக்கம் இல்லை, பின்னாடி சுத்திப் போகணும். அங்கிருந்து ஜந்தர் மந்தர் நடை தூரம்தான், அரண்மனையும் பக்கத்திலேயே. மதியத்துக்கு மேல் பழைய நகரத்தின் தெருக்களில் சும்மா நடங்க. வித்யாதர் பட்டாச்சார்யா போட்ட ஒன்பது கட்டத் திட்டம் அது. வடமேற்கில் மலை குறுக்கிட்டதால் அந்த மூலைக் கட்டத்தையே தென்கிழக்குக்கு மாத்திட்டாங்க. மேப்ல தேடிப் பாருங்க. ஆமேர் கோட்டை 11 கிலோமீட்டர், அதை மறுநாள் காலைக்கு வைங்க. சாயங்காலம் நாஹர்கட்.

சென்னையிலிருந்து நேரடி ரயில் இருக்கு, ஆனா தினமும் கிடையாது; ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கும், கிறிஸ்துமஸ் வாரம்னா அன்னைக்கே போட்டுடுங்க. அரசு நடத்தும் இடங்களுக்குக் கூட்டு டிக்கெட் உண்டு, மாணவர்னா குறைவு, அரண்மனைக்குத் தனி. காலேஜ் ஐடி கார்டு மறக்காதீங்க. நூல்கண்டும்.